தோட்டத்து ஊரில் பிள்ளைகளுக்குத் துணை நிற்பவர்களுக்குப் பயிற்சி: எப்படி நடத்துவது?

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் மாதிரி ஊரில், வீட்டிலோ வெளியிலோ துன்புறுத்தப்பட்ட பிள்ளை நேராகப் போலீசிடம் போவதில்லை, சமூகநல இலாகாவிடமும் போவதில்லை. ஆயாக்கொட்டகை (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகம்) அம்மா, தமிழ்ப்பள்ளி டீச்சர், தேவார வகுப்பு எடுக்கும் அண்ணன், பள்ளி வேன் ஓட்டும் அங்கிள், தோட்டத்துக் கிளினிக்கில் மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸர், இவர்களில் யாரோ ஒருவரிடம்தான் முதலில் வாய் திறக்கும். பாதி நேரம் வாயும் திறக்காது, ஸ்கூல் முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். இவர்கள் எல்லாருக்கும் நல்ல மனசு உண்டு, ஆனால் அது மட்டும் போதாது. நல்ல மனசோடு கேட்ட ஒரு தப்பான கேள்வி பிறகு கோர்ட்டில் வழக்கையே பலவீனமாக்கலாம். நல்ல மனசோடு அப்பாவைக் கூப்பிட்டு 'என்ன அண்ணே இப்படி' என்று பேசிவிட்டு வந்தால் அன்று இரவே அந்தப் பிள்ளைக்கு இன்னும் அடி விழலாம்.

அதனால் இவர்களுக்கு முறையான பயிற்சி வேண்டும், அதை நம் ஊரிலேயே நடத்த முடியும் என்பதைத்தான் எழுதுகிறேன். நான் சொல்லும் பயிற்சி, மண்டபத்தில் ஒரு நாள் உட்கார்ந்து ஸ்லைடு பார்த்துவிட்டுச் சான்றிதழ் வாங்கிப் போவதல்ல. விழிப்புணர்வுக் கூட்டம் நல்லதுதான், நடக்கட்டும், ஆனால் அது வேறு. பயிற்சி முடிந்து போகிறவருக்கு மூன்று காரியம் கைவர வேண்டும்: பிள்ளை சொல்வதைக் கெடுக்காமல் கேட்பது, அன்றைக்கே சரியான இடத்தில் தெரிவிப்பது, அதற்குப் பிறகு விசாரணையில் மூக்கை நுழைக்காமல் பிள்ளையின் பக்கத்தில் இருப்பது. மற்றதெல்லாம் இந்த மூன்றுக்கும் துணை.

யாரைக் கூப்பிடுவது

இருபது பேருக்கு மேல் வேண்டாம், ஏனென்றால் பேசிப் பழகும் பகுதிக்கு நேரம் பத்தாது. டீச்சர்களை மட்டும் கூப்பிடாதீர்கள். பாலர் பள்ளி ஆசிரியை, ஆயாக்கொட்டகையில் வேலை செய்பவர், டியூஷன் எடுப்பவர், கோயில் கமிட்டியில் ஒருவர், வேன் ஓட்டுநர், கிளினிக்கில் இருப்பவர் என்று கலந்து உட்காரவையுங்கள். கோயில் கமிட்டி ஆளை ஏன் சொல்கிறேன் என்றால், நம் ஊரில் இந்த மாதிரி விஷயம் பெரும்பாலும் முதலில் அங்கேதான் 'பேசித் தீர்க்க'ப் போகிறது. அவருக்குச் சட்டம் தெரிந்திருந்தால் அந்தப் பஞ்சாயத்து ஆரம்பத்திலேயே நிற்கும்.

இன்னொன்று, வருகிறவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று பார்த்துத்தான் சேர்க்க வேண்டும். பிள்ளைகளிடம் நெருங்க வாய்ப்புத் தேடுகிறவர்களும் சேவை என்ற பெயரில் வருவார்கள், கேட்கக் கசப்பாக இருந்தாலும் உண்மை. சமூகநல இலாகாவிடம் சிறார் மீதான பாலியல் குற்றங்களில் தண்டனை பெற்றவர்களின் பதிவேடு ஒன்று 2019இலிருந்து இருக்கிறது. பிள்ளைகளோடு வேலை செய்ய ஆள் எடுப்பவர்கள் மாவட்ட அலுவலகம் வழியாகச் சரிபார்க்கலாம். அதோடு, வருகிற எல்லாரும் ஒரு நடத்தை விதித்தாளில் கையெழுத்துப் போடட்டும்: மூடிய கதவுக்குப் பின்னால் பிள்ளையோடு தனியாக இருப்பதில்லை, தனியாக மோட்டார் சைக்கிளில் ஏற்றிப் போவதில்லை, புகைப்படம் எடுப்பதில்லை, பிள்ளைக்குத் தனிப்பட்ட முறையில் இரவில் புலனத்தில் (வாட்ஸ்அப்) செய்தி அனுப்புவதில்லை. யாராவது 'என்னையே சந்தேகப்படுறீங்களா' என்று கோபித்தால், எல்லாருக்கும் இதே விதிதான் என்று சொல்லிவிட்டு மேலே போங்கள்.

யார் சொல்லிக்கொடுப்பது

ஒருவரே எல்லாவற்றையும் சொல்லிக்கொடுக்க முடியாது. குறைந்தது நான்கு தரப்பு வேண்டும். முதலில் சமூகநல இலாகாவின் சிறார் பாதுகாவலர், மலாயில் பெலிண்டுங் என்பார்கள். சுங்கை சிப்புட் கோலகங்சார் மாவட்டத்தில் சேர்ந்தது, எனவே அங்குள்ள மாவட்ட அலுவலகத்துக்கு எழுதுங்கள். இரண்டாவது, போலீசின் டி11 பிரிவு, பாலியல் குற்றங்கள், பெண்கள், சிறார் தொடர்பான விசாரணைக்கென்றே இருக்கும் பிரிவு அது; சுங்கை சிப்புட் மாவட்டப் போலீஸ் தலைமையகத்தில் கேட்கலாம். மூன்றாவது, மருத்துவமனை. சிறார் துன்புறுத்தலைப் பார்ப்பதற்கென்று ஒரு குழு பெரிய மருத்துவமனைகளில் உண்டு, ஸ்கேன் டீம் என்று அழைப்பார்கள் (ஆங்கிலப் பெயரின் சுருக்கம், படம் எடுக்கும் ஸ்கேன் அல்ல), 1985இல் கோலாலம்பூர் பொது மருத்துவமனையில் தொடங்கிய முறை இது. நமக்கு ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையின் குழந்தை நல மருத்துவர் ஒருவர் வந்தால் நல்லது. நான்காவது, பதிவு பெற்ற கவுன்சிலர்.

அரசு சாரா அமைப்புகளில், 1999இல் தொடங்கிய பிஎஸ் தி சில்ட்ரன் இந்த ஒரே விஷயத்துக்காக இருக்கும் அமைப்பு, ஆசிரியர்களுக்கும் பராமரிப்பாளர்களுக்கும் பயிற்சி கொடுத்துப் பழக்கமுள்ளவர்கள். கடிதத்தை மலாயில், பெற்றோர் ஆசிரியர் சங்கம் அல்லது பள்ளியின் பெயரில் அனுப்புங்கள். தனி ஆளாகக் கேட்பதைவிட அதற்கு மதிப்பு அதிகம். அதிகாரிகள் பேசுவது மலாயில் இருக்கும், நம்மவர்கள் சிலருக்கு, குறிப்பாக ஆயாக்கொட்டகை அம்மாக்களுக்கு, சட்ட மலாய் புரியாது. பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்ல ஒருவரை முன்கூட்டியே ஏற்பாடு செய்து, அவருக்குப் பேச்சின் குறிப்பை முன்பே கொடுத்துவிடுங்கள்.

நாள் குறிக்கும்போது, ஒரு முழு ஞாயிறைவிட இரண்டு அரை ஞாயிறு மேல். இடையில் ஒரு வாரம் இருந்தால் கேட்டதை யோசிக்கவும் சந்தேகம் கொண்டுவரவும் நேரம் கிடைக்கும். தைப்பூசம், பங்குனி உத்திரம், பள்ளிப் பரீட்சை இதையெல்லாம் பார்த்து வையுங்கள். தோட்டத்தில் ஞாயிறும் வேலை இருக்கிறவர்கள் உண்டு, அவர்களையும் கேட்டுவிட்டு நேரம் போடுங்கள்.

என்ன சொல்லிக்கொடுப்பது

முதலில் துன்புறுத்தல் என்றால் எவையெல்லாம் என்பது: உடல், மனம், பாலியல், கவனிக்காமல் விடுவது. கடைசியானதை நம் ஊரில் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. எட்டு வயதுப் பிள்ளை இரண்டு வயதுத் தம்பியை வைத்துக்கொண்டு பசியோடு ராத்திரி வரை தனியாக இருப்பதும் இதில் சேரும். ஏழ்மை வேறு, புறக்கணிப்பு வேறு, இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பாதுகாவலரிடம் கேளுங்கள், ஏனென்றால் ஷிஃப்டு வேலைக்குப் போகும் தாய்க்குத் தேவை உதவியாக இருக்கலாம், வழக்கு அல்ல.

ரோத்தான் (பிரம்படி) விஷயத்தில் நிச்சயம் வாக்குவாதம் வரும். 'நாங்க அடி வாங்காமலா வளர்ந்தோம்' என்று ஒருவர் ஆரம்பிப்பார். வாதாடி ஜெயிக்க நினைக்காமல் மருத்துவரைப் பேசவிடுங்கள், அவர் உடம்பைக் காட்டிச் சொல்லட்டும். ஓடி விளையாடுகிற பிள்ளைக்கு முட்டியிலும் முன்காலிலும் கன்றிப்போவது சகஜம். ஆனால் காது, கழுத்து, வயிறு, முதுகு என்று மென்மையான இடங்களில் நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குக் கன்றிப்போயிருந்தால் கவலைப்பட வேண்டும், இன்னும் தவழாத கைக்குழந்தைக்கு எங்கே கன்றியிருந்தாலும் கவலைப்பட வேண்டும். கன்றலின் நிறத்தைப் பார்த்து 'இது மூன்று நாள் பழசு' என்று யாராலும் சரியாகச் சொல்ல முடியாது, அப்படிச் சொல்லவும் கூடாது. நம் பிள்ளைகள் பலருக்குப் பிறக்கும்போதே இடுப்பிலும் பின்புறத்திலும் நீலத் திட்டு இருக்கும், அதைக் காயம் என்று நினைத்து ஒரு குடும்பத்தைக் குற்றம் சொல்லிவிடக்கூடாது. படுக்கையில் சிறுநீர் கழித்ததற்குச் சூடு வைப்பது போன்ற பழக்கம் எங்காவது இன்னும் இருந்தால் அது வைத்தியம் அல்ல, காயம். டிரெஸ்ஸருக்கு இந்தப் பகுதி மிகவும் முக்கியம்.

சட்டத்தில் இவ்வளவு தெரிந்தால் போதும். 2001 சிறார் சட்டம், 2016இல் திருத்தப்பட்டது. அதன் 27ஆம் பிரிவு மருத்துவருக்கு, 28ஆம் பிரிவு குடும்பத்தாருக்கு, 29ஆம் பிரிவு கூலி வாங்கிப் பிள்ளையைப் பார்த்துக்கொள்பவருக்கு: பிள்ளை துன்புறுத்தப்பட்டதாக நம்பக் காரணம் இருந்தால் சமூகநல இலாகாவுக்கு உடனே தெரிவிக்க வேண்டும். ஆயாக்கொட்டகை அம்மாவுக்கும் இது பொருந்தும், அதை அவரிடம் பயமுறுத்தாமல் சொல்லுங்கள். 2017 சிறார் பாலியல் குற்றச் சட்டத்தின் 19ஆம் பிரிவு இன்னும் விரிவானது: அந்தச் சட்டத்தில் வரும் குற்றம் நடந்தது தெரிந்தும் தெரிவிக்காமல் இருந்தால், யாராக இருந்தாலும் 5,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம். கோயில் தலைவராகட்டும், மாமாவாகட்டும், பக்கத்து வீட்டுக்காரராகட்டும். 'யோசிச்சு சொல்றோம்' என்பதற்கு அங்கே இடமில்லை. பிள்ளைக்குச் சொந்தமாக அடையாள ஆவணம் இல்லை என்பதும் தடையில்லை, 18 வயதுக்குக் குறைந்தவர் எல்லாரும் சட்டத்தின் பார்வையில் சிறார்தான். நம் தோட்டங்களில் பிறப்புப் பத்திரச் சிக்கல் உள்ள குடும்பங்கள் அரசாங்க அலுவலகம் என்றாலே பயப்படுவார்கள், அவர்களிடம் இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

பிள்ளை வாய் திறக்கும் அந்தச் சில நிமிடங்கள்

பயிற்சியின் பெரும் நேரத்தை இதற்கே கொடுங்கள். கேட்கிறவர் செய்ய வேண்டியது கொஞ்சம், செய்யக்கூடாதது நிறைய. கையில் இருக்கும் வேலையை வைத்துவிட்டு, பிள்ளையின் உயரத்துக்கு உட்கார்ந்து, முகத்தில் அதிர்ச்சி காட்டாமல் கேட்க வேண்டும். 'என்ன நடந்துச்சு, சொல்லும்மா', 'அப்புறம்?', 'ம்ம், சொல்லு' இவ்வளவு போதும். 'மாமா உன்னத் தொட்டாரா?' என்று நாம் பெயரையும் செயலையும் வாயில் போட்டால், பிள்ளை ஆமாம் என்று சொன்னாலும் அது யாருடைய வார்த்தை என்று பிறகு எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்பார். 'ஏன் அப்பவே சொல்லல' என்று கேட்கவே கூடாது, பிள்ளை காதில் அது குற்றச்சாட்டாகத்தான் விழும். எல்லா விவரமும் நமக்குத் தெரிய வேண்டியதில்லை. யாரிடமாவது தெரிவிக்க வேண்டிய அளவுக்கு விஷயம் புரிந்துவிட்டதா, அங்கேயே கேள்வியை நிறுத்திவிட வேண்டும்.

முழு விசாரணை செய்ய டி11இல் பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் என்.ஐ.சி.எச்.டி. என்னும் நிறுவனத்தில் ஆராய்ச்சியாளர்கள் உருவாக்கிய ஒரு பேட்டி முறை பல நாடுகளில் பயன்படுகிறது. முதலில் பிள்ளையோடு பழகி, திருவிழா மாதிரி சாதாரண ஒரு நாளைப் பற்றிப் பேசவிட்டு, பிறகே விஷயத்துக்கு வந்து, பெரும்பாலும் திறந்த கேள்விகளாகக் கேட்பார்கள். அதை நாம் செய்யப் போவதில்லை. அவர்கள் வேலையின் கஷ்டம் தெரிந்தால் நாம் அதில் கை வைக்காமல் இருப்போம், அதற்காக மட்டும் பயிற்சியில் சுருக்கமாகச் சொல்லுங்கள். மீண்டும் மீண்டும் பத்துப் பேரிடம் சொல்லவைப்பதும் பிள்ளையைத் திரும்பத் திரும்பக் காயப்படுத்துவதுதான், எனவே டீச்சர் கேட்டுவிட்டு, தலைமையாசிரியரிடம் சொல்லவைத்து, அவர் கமிட்டியிடம் சொல்லவைப்பது நடக்கக்கூடாது.

பிள்ளை 'யாருகிட்டயும் சொல்லாதீங்க' என்று கேட்கும். சத்தியம் செய்துவிடாதீர்கள். 'நீ சொன்னது நல்லது. இது உன் தப்பு இல்ல. உனக்கு உதவி பண்ணுறவங்ககிட்ட மட்டும் நான் சொல்லணும், மத்த யாருக்கும் சொல்ல மாட்டேன்.' இந்த வாக்கியங்களை எல்லாரும் தங்கள் சொந்தப் பேச்சில் சொல்லிப் பழகட்டும். 'இனிமே உன்ன யாரும் தொட மாட்டாங்க' என்றோ 'நீ வீட்டுலேயே இருக்கலாம்' என்றோ சொல்லாதீர்கள், அது நம் கையில் இல்லை. பாதுகாவலர் பிள்ளையைத் தற்காலிகமாகத் தன் பொறுப்பில் எடுத்தால் 24 மணி நேரத்துக்குள் சிறார் நீதிமன்றத்தில் கொண்டுவர வேண்டும், அதற்குப் பிறகு முடிவு நீதிமன்றத்துடையது.

பிள்ளை போனதும் அப்போதே எழுத வேண்டும்: தேதி, நேரம், இடம், பிள்ளை சொன்னது அதன் வார்த்தையிலேயே, நாம் என்ன கேட்டோம் என்பதும். பிள்ளை 'மாமா' என்றால் 'மாமா' என்றே எழுதுங்கள், எந்த மாமா என்று நாம் ஊகித்து நிரப்ப வேண்டாம். தமிழில் சொன்னதைத் தமிழிலேயே எழுதுங்கள், மொழிபெயர்ப்பு பிறகு நடக்கட்டும். காயத்தை கைபேசியில் படம் பிடிக்காமல் ஒரு உடம்புப் படம் வரைந்து இடத்தைக் குறியுங்கள். அந்தத் தாள் பூட்டிய இடத்தில் இருக்கட்டும், புலனக் குழுவில் போகக்கூடாது. பிள்ளையின் பெயரோ படமோ அடையாளமோ ஊடகத்தில் வெளிவந்தால் 2001 சட்டத்தின் 15ஆம் பிரிவில் 10,000 வெள்ளி வரை அபராதம், ஐந்தாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். 'நியாயம் கேட்கிறோம்' என்று முகநூலில் பதிவு போடத் துடிக்கும் தம்பிகளுக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

எங்கே தெரிவிப்பது: உயிருக்கு ஆபத்து என்றால் 999. மற்றபடி தாலியான் காசே என்னும் அரசாங்க உதவித் தொலைபேசி எண் 15999, 24 மணி நேரமும் இருக்கும். பாலியல் குற்றம் என்றால் போலீஸ் நிலையம். அண்மையில் நடந்ததென்றால் பிள்ளையைக் குளிப்பாட்டாமல், துணி மாற்றாமல், பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே ஓ.எஸ்.சி.சி. என்ற ஒரே இடத்துச் சேவை உண்டு. மருத்துவர், கவுன்சிலர், போலீஸ் எல்லாம் அங்கேயே ஏற்பாடாகும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் பலன். அதனால் 'திங்கக்கிழமை பார்க்கலாம்' என்று விடக்கூடாது.

பழகிப் பார்க்கும் முறை

மூன்று மூன்று பேராகப் பிரியுங்கள். ஒருவர் பிள்ளை, ஒருவர் கேட்பவர், ஒருவர் பார்த்துக் குறிப்பெடுப்பவர். ஐந்து நிமிடம் பேசி, பிறகு பார்த்தவர் எத்தனை கேள்வி திறந்தது, எத்தனை வாயில் போட்டது என்று எண்ணிச் சொல்ல வேண்டும். முதல் சுற்றில் நம்மில் பெரும்பாலோர் துருவித் துருவிக் கேட்போம், எல்லாருக்கும் அப்படித்தான் ஆகும், இரண்டாம் மூன்றாம் சுற்றில் குறையும். கதையைக் கற்பனையாக எழுதிக்கொடுங்கள், ஊரில் நடந்த எதையும் எடுக்காதீர்கள், பெயரை மாற்றினாலும் நம் ஊரில் ஆள் தெரிந்துவிடும். பிள்ளையாக நடிக்க யாரையும் கட்டாயப்படுத்தாதீர்கள். அந்த அறையில் சின்ன வயதில் இதையே அனுபவித்தவர்கள் உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே ஏற்பாடு செய்யுங்கள். எழுந்து போக விரும்பினால் காரணம் சொல்லாமல் போகலாம், பக்கத்து அறையில் கவுன்சிலர் இருப்பார், இதை ஆரம்பத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

பேட்டி மட்டுமல்ல, ஊர் கொடுக்கும் நெருக்கடியையும் பழகிப் பாருங்கள், இதை வெளியூர் பயிற்சியாளர் சொல்லித்தர மாட்டார், நாமே சேர்க்க வேண்டும். லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம், அப்பா ஜெயிலுக்குப் போனால் வேலையும் போகும், வீடும் போகும் என்று அம்மா அழுவார். தாத்தா காலில் விழுவார். மண்டோர் (தோட்டத்து மேற்பார்வையாளர்) வந்து 'எல்லாம் ஒரே குடும்பம், பேசி முடிச்சுடலாம்' என்பார். இதற்கு முன்னால் நின்று என்ன சொல்வது? 'உங்க கஷ்டம் புரியுது, ஆனா தெரிவிக்கிறது என் கடமை, முடிவெடுக்கிறது அவங்க. வீடு, செலவு, சாப்பாட்டுக்கு என்ன உதவி கிடைக்கும்னு சமூகநல இலாகாவுலயே கேட்போம், நான் கூட வர்றேன்.' இந்தப் பதிலை ஒருவர் அழுதுகொண்டு எதிரில் நிற்கும்போது குரல் நடுங்காமல் சொல்ல வேண்டும், அதற்குத்தான் ஒத்திகை. அதே நேரத்தில் சந்தேகத்துக்குரியவரிடம் நாம் நேரில் போய்ப் பேசுவது, எச்சரிப்பது, இளைஞர்களைத் திரட்டிக்கொண்டு போவது எதுவும் கூடாது.

பயிற்சிக்குப் பிறகு

பேட்டிப் பயிற்சி பற்றிய ஆராய்ச்சிகள் ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன: தொடர்ந்து கருத்துச் சொல்லித் திருத்த ஆளில்லாவிட்டால் கற்றது மங்கிவிடும், பழைய கேள்விகளுக்கே திரும்பிவிடுவோம். ஆகவே மாதம் ஒருமுறை ஒன்றரை மணி நேரம் கூடுங்கள். கவுன்சிலர் ஒருவரை அதற்கு வரச் சொல்லுங்கள், நேரில் முடியாவிட்டால் கூகள் மீட் வழியாகவும் செய்யலாம். பிள்ளையின் பெயரைச் சொல்லாமல், நான் என்ன செய்தேன், எங்கே தடுமாறினேன் என்று மட்டும் பேச வேண்டும். ஒரு சுற்று மூவர் பயிற்சியும் செய்யுங்கள்.

பிள்ளைக்காக நின்றவருக்கும் தூக்கம் போகும், தன் பிள்ளையைப் பார்க்கும்போதெல்லாம் பயம் வரும், சட்டென்று கோபம் வரும். இது பலவீனம் இல்லை, இந்த வேலையில் நன்றாகத் தெரிந்த விஷயம். அதற்கும் அந்த மாதக் கூட்டத்தில் இடம் கொடுங்கள். ஒரே ஆளிடம் எல்லாப் பிள்ளைகளும் வந்து சேராதபடி பொறுப்பைப் பிரித்துக்கொள்ளுங்கள். வழக்கு கோர்ட்டுக்குப் போனால் பிள்ளை சாட்சி சொல்லும் முறைக்கு 2007இல் தனிச் சட்டம் உண்டு, திரைக்குப் பின்னாலோ வீடியோ வழியாகவோ சொல்ல வழி இருக்கிறது. அது தெரிந்தால் பிள்ளைக்கும் அம்மாவுக்கும் நீங்கள் தைரியம் சொல்லலாம், ஆனால் சாட்சியத்தை ஒத்திகை பார்க்கவைக்கக் கூடாது.

பயிற்சிக்கு வரும் இளைஞர்களில் ஓரிருவர் இதையே தொழிலாக எடுக்க விரும்புவார்கள். அவர்களிடம் இரண்டு நாள் 'சிறார் மனவியல்' வகுப்புக்குப் பணம் கட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள், அந்தச் சான்றிதழை வைத்துக்கொண்டு கவுன்சிலர் என்று போட்டுக்கொள்ள முடியாது. 1998 கவுன்சிலர் சட்டப்படி வாரியத்தில் பதிவு வேண்டும், அதற்குப் பட்டப்படிப்பு வேண்டும். சமூகப் பணியில் பட்டம் என்றால் பினாங்கு யூ.எஸ்.எம். 1975இலிருந்தே அந்தப் படிப்பை நடத்துகிறது, ஈப்போவிலிருந்து ஒன்றும் எட்டாத தூரமில்லை. ஏற்கெனவே இந்தத் துறையில் வேலையில் இருப்பவர்கள் கோலாலம்பூர் சுங்கை பீசியில் இருக்கும் இன்ஸ்டிட்யூட் சோசியல் மலேசியாவின் குறுகிய பயிற்சிகளைப் பற்றி எழுதிக் கேட்கலாம், கடிதத்தில் இப்போது எங்கே, என்ன வேலையில், எந்த வயதுப் பிள்ளைகளோடு இருக்கிறீர்கள் என்பதைத் தெளிவாகக் குறிப்பிடுங்கள்.